பாப்பா கல்

டார்செட்டிலிருந்து ஒரு மின்னஞ்சல்.
எங்கள் வம்சத்துக் குழந்தை ஒன்று
உங்கள் மலையில் கிடக்கிறாள்,
கல்லறையைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா என்று.
கூடவே ஓர் ஓவியத்தின் நகல்:
அவர்கள் ஊர்த் தேவாலய முற்றத்தில்
பாசி பிடித்துச் சாய்ந்து நிற்கும் பெட்டிக் கல்லறை.
பக்கவாட்டில்
இறகு முளைத்த பிள்ளை முகம்,
குறுக்கே இரண்டு எலும்பு, ஒரு மணல் கடிகாரம்.
இதே மாதிரி அங்கேயும் வேண்டும் என்று
அவள் அப்பா கல்தச்சனுக்கு வரைந்து கொடுத்தாராம்.
மணல் கடிகாரம் உடையாமல் இருக்கிறதா
என்பது கடைசிக் கேள்வி.

சபை அலுவலகத்தில் ரசீது எழுதுகிறவன் நான்.
கல்லறைப் பதிவேட்டைக்
கரையான் படித்து முடித்துவிட்டது.
தேங்காய் நாரும் ஒரு வாளித் தண்ணீருமாக
நாகலூர் சாலையில் நடந்தேன்.
பனி அப்போதுதான்
சில்வர் ஓக் மரங்களை ஒவ்வொன்றாகத்
திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

அகஸ்டா கார்ல்.
வயது ஒரு வருடம், ஏழு மாதம், பதினொரு நாள்.
அவள் மேல் பரந்து கிடந்தது
வெள்ளச்சியின் மிளகு.

"இந்தக் கல்லுதான் சீக்கிரம் சூடேறும்ணா.
தொரை கல்லு சரிவு, உருண்டுடும்.
பாப்பா கல்லு சமம்."

ஒரு மணி நேரம் கேட்டேன்.
வானத்தைப் பார்த்துவிட்டு அரை மணி தந்தாள்.

தேய்த்தேன்.
முதலில் இறகு வந்தது,
மயிலுக்கும் கோழிக்கும் நடுவில் ஏதோ ஒன்றின் இறகு.
பிறகு எலும்புகள்,
முருங்கைக்காய் போல நீளமாக, பதவிசாக.
பிறகு கடிகாரம்.

கடிகாரம் இல்லை அது.
இடை ஒடுங்கி, இரு முகத்திலும் தோல் இறுக்கி,
குறுக்கும் நெடுக்குமாய்க் கயிறு இழுத்து,
பிடிக்கிற இடத்தில் நாடாவும் சுற்றி,
சந்தேகமே இல்லாமல்
ஓர் உடுக்கை.

ஓவியத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.
அவனைக் குறை சொல்ல முடியாது.
அடிவாரத்தில் எந்த ஊர்க்காரனோ.
கண்ணாடிக்குள் மணல் விழுந்து நேரம் ஆவதை
யார் அவனுக்குக் காட்டினார்கள்?
காகிதத்தில் அவன் கண்டது
குலசாமி முன்னால் விடிய விடிய அதிர்வது.
துரை பாவம், பிள்ளை போன துக்கத்தில்
கயிறு போட மறந்துவிட்டார் என்று
அவனே போட்டிருக்கிறான்.

ஆங்கிலம் அறியாத கை.
எழுத்தையும் கோலமாகப் பார்த்தே வெட்டியிருக்கிறது.
ஓர் எழுத்து இடம் வலம் மாறி நிற்கிறது.
எண்கள் மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.
பதினொன்று மற்ற எல்லாவற்றையும்விட ஆழம்,
விரல் நகம் முழுதும் உள்ளே போகிறது.

முகத்துக்கு வந்தபோது
அரை மணி தீர்ந்திருந்தது.
மூக்கு எங்கள் பக்கத்து மூக்கு.
காதுகளில் துளை.
ஓவியத்தில் காதே கிடையாது,
சுருள்முடி மூடியிருக்கும்.
இவன் முடியை ஒதுக்கி,
காது செய்து,
ஊசி உளியால் குத்தியிருக்கிறான்,
மாமன் மடி இல்லாமல்,
அழுகை இல்லாமல்,
பொட்டுக்கடலையும் வெல்லமும் யாருக்கும் கொடுக்காமல்.
பத்தொன்பது மாசப் பொண்ணு,
இன்னுமா குத்தவில்லை என்று
அந்த பங்களாவில் அவனால் யாரைக் கேட்டிருக்க முடியும்?

"வெயில் போகுதுண்ணா" என்றாள் வெள்ளச்சி.
எட்டுப் படம் எடுத்தேன்.
அவள் சாக்கை விரித்து
மிளகை மறுபடி கல்லில் கொட்டினாள்.
அப்புறம் ஒன்பதாவது எடுத்தேன், ஏனென்று தெரியாது.

உடையவில்லை என்று பதில் எழுதினேன்.
அது உண்மை.
இன்னொரு வரி எழுதி, அழித்து,
மறுபடி எழுதி, அழித்து,
ஒன்பது படங்களையும் அனுப்பிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துப் பதில்.
நன்றி, எல்லாம் அப்படியே இருக்கிறது,
கடைசிப் படத்தில் வலது காதில் மட்டும்
கறுப்பாக ஏதோ தெரிகிறதே,
கல் அரிக்கிறதா?

பெரிதாக்கிப் பார்த்தேன்.
மழை தூறும்போதே கிளம்பிப் போனேன்.
மிளகை அள்ளிக் கட்டிவிட்டிருந்தாள்.
இடது காதுக்கும் ஒன்று கேட்டேன்.

"கிலோ அறுநூறுண்ணா" என்றாள்,
மூட்டையைப் பிரித்தபடி.